கல்லா, கிருமியா, டென்ஷனா? பூனை, நாய் மூத்திரப் பிரச்னை: வாசகர் கேள்வி, டாக்டர் பதில்

இந்த தடவை வந்த கேள்விகள்ல முக்கால்வாசி ஒரே விஷயம்தான், செல்லத்துக்கு ஒண்ணுக்கு போறதுல கஷ்டம். எல்லாருமே "யூரின் இன்ஃபெக்ஷன் வந்துடுச்சு மேடம்"னுதான் ஆரம்பிக்கிறீங்க. நான் படிக்கும்போது முதல்ல தேடுறது பூனையா நாயா, ஆணா பெண்ணா, வயசு என்ன, இந்த மூணு தகவலைத்தான். ஏன்னா வெளிய தெரியுற அறிகுறி எல்லா நோய்க்கும் ஒண்ணுதான், அடிக்கடி போகும், முக்கும், சொட்டு சொட்டா வரும், ரத்தம் கலந்திருக்கும், கண்ட இடத்துல போகும், ஆனா உள்ள இருக்கற காரணம் பூனைக்கு ஒண்ணு நாய்க்கு ஒண்ணுன்னு மாறும். அவசரமான கேள்வியை முதல்ல போட்டிருக்கேன்.

கேள்வி: மேடம், எங்க வீட்டு ஆண் பூனைக்கு மூணு வயசு, கருத்தடை பண்ணியாச்சு. நேத்து ராத்திரிலேர்ந்து லிட்டர் ட்ரேல (பூனை ஒண்ணுக்கு, ரெண்டுக்கு போற மண் தட்டு) போய்ப் போய் உக்காந்து முக்குது, ஒண்ணும் வரல. மலச்சிக்கல்னு நினைச்சு அதுக்கு மருந்து குடுத்தோம். இப்ப வாந்தி எடுத்துட்டு மூலையில சுருண்டு படுத்திருக்கு, சாப்பிடவும் இல்ல. வேற என்ன மருந்து குடுக்கலாம்?

பதில்: வேற மருந்தே வேணாம், உடனே தூக்கிட்டு ஓடுங்கன்னு இவங்களுக்கு அப்பவே நேரடியா பதில் அனுப்பிட்டேன். இங்க எழுதுறது மத்த ஆண் பூனை வச்சிருக்கறவங்களுக்காக.

ஆண் பூனையோட மூத்திரக் குழாய் நுனிப் பக்கம் வர வர ரொம்ப குறுகலாயிடும். ப்ளாடர்ல, அதாவது மூத்திரப்பையில வீக்கம் வந்தா உதிர்ற சளி, செல்கள், கூட கொஞ்சம் கிரிஸ்டல் (கண்ணுக்குத் தெரியாத உப்புத் துகள்) எல்லாம் சேர்ந்து டூத்பேஸ்ட் மாதிரி ஒரு அடைப்பு உருவாகி அந்த குறுகலான இடத்துல போய் மாட்டிக்கும். சில பூனைக்கு சின்ன கல்லு மாட்டும், சிலதுக்கு அடைப்புன்னு எதுவுமே இருக்காது, வலியில குழாய் தசை இறுகியே மூடிக்கும். எதுவா இருந்தாலும் விளைவு ஒண்ணுதான், யூரின் வெளிய போகாம தேங்கி அந்த அழுத்தம் கிட்னி வரைக்கும் ஏறுது, வெளியேற வேண்டிய பொட்டாசியம் ரத்தத்துலயே நிக்குது, பொட்டாசியம் ஏறினா இதயத்துடிப்பு குறைஞ்சுகிட்டே போய் ஒரு கட்டத்துல நின்னே போயிடும். முழு அடைப்புன்னா ஒரு நாள் ரெண்டு நாள்லயே உயிர் போற நிலைமை வந்துடும். வாந்தி, சாப்பிடாம இருக்கறது, சுருண்டு படுக்கறது இதெல்லாம் ஆரம்ப அறிகுறியே கிடையாது, விஷம் ஏற ஆரம்பிச்சாச்சுன்னு அர்த்தம்.

மலச்சிக்கல்னு நினைக்கறதுதான் இதுல அடிக்கடி நடக்கற குழப்பம். ரெண்டுக்கும் பூனை உக்கார்ற விதம் பாக்க ஒரே மாதிரி இருக்கும், அதனால ட்ரேல மலம் இருக்கா இல்லையான்னு பாக்கறதை விட நனைஞ்ச கட்டி இருக்கான்னு பாருங்க. ஆண் பூனை முக்குது, நனைஞ்ச கட்டி இல்ல, குறியை நக்கிகிட்டே இருக்கு, கத்துதுன்னா காலைல போலாம்னு தள்ளிப் போடாதீங்க, நடுராத்திரியா இருந்தாலும் கிளம்புங்க. வயித்தை அமுக்கி வெளிய எடுக்கலாம்னு யாராவது சொன்னா செஞ்சிடாதீங்க, உப்பிப் போன ப்ளாடர் கிழிஞ்சிடலாம். வாயில தண்ணியை சிரிஞ்சுல ஊத்தறதும் அடைப்பைத் தள்ளாது, தேங்கறதைத்தான் கூட்டும்.

ஆஸ்பத்திரில முதல்ல இதயத்தையும் பொட்டாசியத்தையும் சரி பண்ணி, மயக்கம் குடுத்து, கதீட்டர்ங்கற மெல்லிசான டியூபைப் போட்டு அடைப்பை எடுப்பாங்க. அதுக்கப்புறமும் ஒண்ணு ரெண்டு நாள் அட்மிட் பண்ணச் சொன்னா "அதான் யூரின் வந்துடுச்சே"ன்னு கூட்டிட்டு வந்துடாதீங்க. அடைப்பு நீங்கினதும் கிட்னி தாறுமாறா யூரினைக் கொட்டும், அதுக்கு ஈடா டிரிப்ஸ் ஏத்தலன்னா உடம்புல நீர்ச்சத்து வத்திப் போயிடும். வீட்டுக்கு வந்த முதல் சில நாள்ல மறுபடி அடைச்சிக்கறதும் நடக்கும், அதனால ட்ரேவை கண்ணுல எண்ணெய் விட்டுப் பாருங்க. திரும்பத் திரும்ப அடைச்சா குறுகலான நுனியை எடுத்துட்டு அகலமான வழி போடுற ஆபரேஷன் இருக்கு, அடைப்பு குறையும், ஆனா அதுக்கப்புறம் கிருமித்தொற்று வர்ற வாய்ப்பு கொஞ்சம் கூடும்.

நிறைய பேர் கேக்கறதால ஒண்ணு சொல்லிடறேன், சின்ன வயசுல கருத்தடை பண்ணினதால குழாய் சுருங்கிப் போச்சுன்னு ஒரு பேச்சு இருக்கு, அளந்து பாத்த ஆய்வுகள்ல அப்படி வித்தியாசம் எதுவும் தெரியல. வெயிட் போடறதும் நாள் முழுக்க வீட்டுக்குள்ளயே அசையாம கிடக்கறதும்தான் கவலைப்பட வேண்டிய விஷயம்.

கேள்வி: என் பெண் பூனைக்கு நாலு வயசு டாக்டர். ஒரே வருஷத்துல மூணு தடவை யூரின்ல ரத்தம். ஒவ்வொரு தடவையும் ஆண்டிபயாட்டிக் குடுத்தா ஒரு வாரத்துல சரியாகுது, அப்புறம் திரும்ப வருது. மருந்துக்கு கிருமி பழகிப் போச்சோன்னு பயமா இருக்கு. இன்னும் ஸ்ட்ராங்கான மருந்து கேக்கணுமா?

பதில்: கேக்காதீங்க. உங்க பூனைக்கு அனேகமா கிருமியே இருந்திருக்காது. பத்து வயசுக்குள்ள இருக்கற பூனைங்களுக்கு கீழ்மூத்திரப் பாதையில பிரச்னை வந்தா பாதிக்கு மேல "காரணம் பிடிபடாத ப்ளாடர் வீக்கம்"தான். கல்லும் அடைப்பும் அடுத்த இடம், கிருமித்தொற்று கடைசி. பூனை யூரின் அவ்வளவு கெட்டி, அதுல கிருமி வளர்றதே கஷ்டம்.

அப்ப ஆண்டிபயாட்டிக் எப்படி வேலை செஞ்சுச்சுன்னு கேப்பீங்க. செய்யல. இந்த வீக்கம் பெரும்பாலான பூனைக்கு அஞ்சுலேர்ந்து ஏழு நாள்ல தானாவே அடங்கிடும், நீங்க மாத்திரை குடுத்த நாளும் அதுவும் ஒத்துப் போகுது, பேரு மாத்திரைக்குப் போயிடுது. அந்த ஒரு வாரம் பூனைக்கு உண்மையில தேவைப்படறது வலி மருந்து, அதை டாக்டர்கிட்ட கேட்டு வாங்குங்க. யூரின் கல்ச்சர் பண்ணி கிருமி வளர்ந்தா மட்டும் ஆண்டிபயாட்டிக். மூணு தடவை வந்திருக்கறதால ஒரு எக்ஸ்ரேவும் ஸ்கேனும் எடுத்து கல்லு இல்லைன்னு உறுதி பண்ணிக்கோங்க.

சரி, ஏன் திரும்ப வருது? பதில் ப்ளாடருக்கு வெளிய இருக்கு. அமெரிக்காவுல ஒஹாயோ ஸ்டேட் யுனிவர்சிட்டில டோனி பஃபிங்டன்னு ஒரு கால்நடை டாக்டர் பல வருஷம் இந்தப் பூனைகளையே ஆராய்ச்சி பண்ணினார். 2011ல அவர் எழுதினது என்னன்னா, இதை ப்ளாடர் நோய்னு பாக்கறதே பத்தாது, வயிறு, தோலு, குணம்னு வேற இடத்துலயும் இதுங்களுக்கு பிரச்னை இருக்கு, டென்ஷனை உடம்பு கையாளற விதத்துலயே கோளாறு, அதனால பண்டோரா சிண்ட்ரோம்னு கூப்பிடலாம்னு பேர் வச்சார். பயம், பதட்டம் வந்தா நரம்பு மண்டலம் அலறும், அதை அடக்க வேண்டிய கார்ட்டிசால்ங்கற ஹார்மோன் போதுமான அளவு சுரக்காது, ப்ளாடர் உள்சுவரோட பாதுகாப்புப் படலம் வேற பலவீனம், விளைவு வலியும் ரத்தமும். அதே வருஷம் அவங்க குழு இன்னொண்ணும் காட்டினாங்க, சாப்பாட்டு நேரம், பாத்துக்கற ஆளு, இதையெல்லாம் திடீர்னு மாத்தினா ஆரோக்கியமான பூனைங்க கூட வாந்தி எடுக்குது, சாப்பாட்டைக் குறைக்குது, ட்ரேக்கு வெளிய போகுது. நமக்கு ஒண்ணுமே இல்லாத மாற்றம் அதுக்கு பெரிய விஷயம்.

அதனால மூணு தடவையும் ரத்தம் வந்த தேதியை எழுதிட்டு அதுக்கு முந்தின வாரம் வீட்டுல என்ன நடந்துச்சுன்னு யோசிங்க. புதுக் குழந்தை, வீடு மாத்தறது, பெயிண்ட் வேலை, நீங்க ஊருக்குப் போனது, ஜன்னலுக்கு வெளிய வந்து முறைக்கற வேற வீட்டுப் பூனை, ஏதாவது ஒண்ணு கண்டிப்பா மாட்டும். ட்ரே எண்ணிக்கை பூனை எண்ணிக்கையை விட ஒண்ணு அதிகமா இருக்கணும், எல்லாத்தையும் ஒரே மூலையில வரிசையா வச்சா அது ஒரே ட்ரேன்னுதான் பூனை கணக்கு வைக்கும், தனித்தனி இடத்துல வைங்க. வாசனை போட்ட லிட்டர் வேணாம். ஏறி உக்கார உயரமான இடம், ஒளிஞ்சுக்க ஒரு அட்டைப்பெட்டி, தினமும் ஒரே நேரத்துல கொஞ்ச நேரம் விளையாட்டு. ஒரு வீட்டுல ரெண்டு பூனைன்னா சண்டை சத்தமா நடக்கணும்னு இல்ல, வழியில படுத்துகிட்டு இன்னொண்ணை ட்ரேக்கு போக விடாம மறிக்கறதும் சண்டைதான்.

அடுத்தது தண்ணி. ட்ரை ஃபுட்ல ஈரம் சுமார் பத்து சதவீதம், வெட் ஃபுட்ல எழுபத்தஞ்சுக்கு மேல. பூனை தாகம் எடுத்துக் குடிச்சு அந்த வித்தியாசத்தை ஈடுகட்டாது, அதனால மெதுவா வெட் ஃபுட்டுக்கு மாத்தறது எந்த மாத்திரையை விடவும் உருப்படியான காரியம். குளுக்கோசமைன் மாத்திரை பத்தி நிறைய விளம்பரம் வருது, சோதனையில வெத்து மாத்திரை சாப்பிட்ட பூனைங்களும் கிட்டத்தட்ட அதே அளவு தேறிச்சுங்க. கொடுத்தா தப்பில்ல, அதை மட்டும் நம்பி ட்ரேவை மறந்துடாதீங்க.

கேள்வி: நான் ஆபீஸ் போற கோவத்துல பழி வாங்கறதுக்காகவே என் பூனை என் பெட்ல ஒண்ணுக்கு போகுது. எப்படி திருத்தறது?

பதில்: பழி வாங்கற அளவுக்கெல்லாம் அது யோசிக்காதுப்பா. ட்ரேல போகும்போது வலிச்சிருக்கும், வலிக்கு ட்ரேதான் காரணம்னு முடிவு பண்ணி மெத்துன்னு இருக்கற வேற இடம் தேடுது. முதல்ல யூரின் டெஸ்ட். அதுல ஒண்ணும் இல்லன்னா ட்ரே சுத்தமா இருக்கா, எங்க வச்சிருக்கீங்கன்னு பாருங்க. நின்னுகிட்டே வாலைத் தூக்கி சுவத்துல பீச்சினா அது எல்லை போடற பழக்கம், அது தனிக் கதை. அமோனியா கலந்த லிக்விட் போட்டு துடைக்காதீங்க, அதுக்கு அது யூரின் வாசனைதான். திட்டினா டென்ஷன் கூடும், டென்ஷன் கூடினா என்ன ஆகும்னு மேல படிச்சீங்கல்ல.

கேள்வி: என் பெண் நாய்க்கு முதல் தடவையா யூரின் இன்ஃபெக்ஷன். டாக்டர் அஞ்சு நாளைக்கு மட்டும் மாத்திரை குடுத்தார். முன்னாடி வளர்த்த நாய்க்கு ரெண்டு வாரம் குடுத்தாங்களே?

பதில்: உங்க டாக்டர் சரியாத்தான் பண்றார். நாய் விஷயத்துல கதை அப்படியே தலைகீழ், இங்க கிருமிதான் சகஜம், அதுலயும் பெண் நாய்க்கு குழாய் குட்டையா இருக்கறதால அதிகம், பெரும்பாலும் ஈ.கோலை. செல்லப்பிராணி தொற்றுநோய்க்கான சர்வதேச நிபுணர் குழு 2019ல வெளியிட்ட வழிகாட்டுதல்ல எப்பவாவது வர்ற சாதாரண தொற்றுக்கு மூணுலேர்ந்து அஞ்சு நாள் போதும்னு சொல்லியாச்சு. நீட்டிக் குடுத்தா கிருமிக்கு எதிர்ப்புதான் வளரும். அறிகுறி எதுவும் இல்லாம ரிப்போர்ட்ல மட்டும் கிருமி தெரிஞ்சா பெரும்பாலும் மருந்தே வேணாம். ஆனா அடிக்கடி வந்துகிட்டே இருந்தா சுகர், குஷிங் நோய் (கார்ட்டிசால் அளவுக்கு மீறி சுரக்கறது), கல்லு இதையெல்லாம் தேடணும்.

கேள்வி: எங்க நாய்க்கு எக்ஸ்ரேல ப்ளாடர் கல்லு இருக்கு. ஒரு டாக்டர் ஆபரேஷன்கறார், இன்னொருத்தர் சாப்பாட்டை மாத்தியே கரைச்சிடலாம்கறார். யாரை நம்பறது?

பதில்: ரெண்டு பேர் சொல்றதும் சரியா இருக்கலாம், எந்தக் கல்லுங்கறதுல இருக்கு விஷயம். முக்கியமான ரெண்டு வகை ஸ்ட்ருவைட், கால்சியம் ஆக்சலேட். ஸ்ட்ருவைட் கரையும், ஆக்சலேட்டை எந்த டயட்டும் கரைக்காது. நாய்க்கு ஸ்ட்ருவைட் வர்றதே பெரும்பாலும் கிருமியாலதான், சில பாக்டீரியா யூரியாவை உடைச்சு யூரினை காரமாக்கும் (அமிலத்துக்கு எதிர்த்தன்மை), அதுல மெக்னீசியம், அமோனியம், பாஸ்பேட் சேர்ந்து கல்லாகும். அதனால நாய்க்கு டயட்டோட ஆண்டிபயாட்டிக்கும் சேர்ந்தே ஓடணும், கரைய ரெண்டு மூணு மாசம் கூட ஆகும், நடுவுல எக்ஸ்ரே எடுத்து சின்னதாகுதான்னு பாப்பாங்க. பூனைக்கு ஸ்ட்ருவைட் கிருமி இல்லாமலே வரும், டயட் மட்டும் போதும், பல நேரம் சில வாரத்துலயே காணாம போயிடும்.

எந்தக் கல்லுன்னு எடுத்துப் பாக்காம முழுசா சொல்ல முடியாது, ஆனா நல்லாவே கணிக்கலாம். பெண் நாய், யூரின் காரத்தன்மை, கல்ச்சர்ல கிருமி இருக்குன்னா ஸ்ட்ருவைட் பக்கம் சாயும். ஆண் நாய், மினியேச்சர் ஷ்னாசர், ஷிட்சு, லாசா, யார்க்ஷைர் மாதிரி சின்ன ஜாதி, யூரின் அமிலத்தன்மை, கிருமி இல்லன்னா ஆக்சலேட். நீங்க ஆணா பெண்ணான்னு கூட எழுதல பாருங்க. ஆண் நாயா இருந்தா இன்னொரு ஆபத்து இருக்கு, அதோட குறிக்குள்ள ஒரு எலும்பு உண்டு, குழாய் அந்த எலும்புக்குப் பின்னாடிதான் குறுகும், கல்லு சின்னதாகி நகர்ந்தா அங்க வந்து மாட்டும். அப்படி மாட்டிகிட்டு யூரின் வரலன்னா முதல் கேள்விக்கு எழுதின அவசரம் இதுக்கும் அப்படியே பொருந்தும்.

இதுல ஒரு சுவாரஸ்யமான பழைய கதை உண்டு. 1981லேர்ந்து மின்னசோட்டா யுனிவர்சிட்டில கல்லுங்களைச் சேகரிச்சு ஆராயற மையம் ஒண்ணு நடக்குது. ஆரம்பத்துல பூனைக் கல்லுல பெரும்பங்கு ஸ்ட்ருவைட்தான், அதனால ஃபுட் கம்பெனிங்க மெக்னீசியத்தைக் குறைச்சு யூரினை அமிலமாக்கற மாதிரி சாப்பாட்டை மாத்தினாங்க, ஸ்ட்ருவைட் இறங்குச்சு, ஆக்சலேட் ஏறிடுச்சு. எடுத்த கல்லை குப்பையில போடாம லேபுக்கு அனுப்பச் சொல்லுங்க, அடுத்த கல்லு வராம தடுக்கற வழி அதுலதான் இருக்கு.

கேள்வி: டால்மேஷன் வாங்கப் போறேன். அந்த ஜாதிக்கு கண்டிப்பா கல்லு வரும்னு சொல்றாங்களே?

பதில்: கண்டிப்பா வரும்னு இல்ல, ஆனா வாய்ப்பு நிஜம். மத்த நாய்ங்க யூரிக் ஆசிடை அலன்டாயின்னு ஒரு பொருளா மாத்தி சுலபமா வெளியேத்திடும், டால்மேஷனுக்கு ஒரு மரபணுக் குறையால அது சரியா நடக்காம யூரேட் கல்லு வரும், அதுவும் ஆண்களுக்குத்தான் அதிகம். சாதா எக்ஸ்ரேல இந்தக் கல்லு சரியா தெரியாது, ஸ்கேன்தான் எடுக்கணும். ஈரல் மாதிரி பியூரின் (உடம்புல யூரிக் ஆசிடா மாறற பொருள்) அதிகமான உள்ளுறுப்பு இறைச்சி குடுக்காதீங்க, தண்ணி நிறைய உள்ள போகணும், வெளிய அடிக்கடி கூட்டிட்டுப் போங்க. 1973ல ராபர்ட் ஷைபில்னு ஒரு மரபியல் நிபுணர் டால்மேஷனை பாயின்டர்ங்கற வேற ஜாதி நாயோட ஒரே ஒரு தடவை கலந்து, அப்புறம் தலைமுறை தலைமுறையா டால்மேஷனோடவே சேத்து, புள்ளி அப்படியே இருக்க குறை மட்டும் இல்லாத பரம்பரையை உருவாக்கினார். கலப்புன்னு சொல்லி ரொம்ப வருஷம் சண்டை நடந்து 2011லதான் நாய் ஜாதிகளைப் பதிவு பண்ற அமெரிக்கன் கென்னல் கிளப் அதை ஏத்துகிச்சு. அந்த வழி குட்டி கிடைச்சா யோசிக்காம வாங்கலாம். என்னைக் கேட்டா சுத்த ரத்தம்னு பெருமை பேசறதை விட ஒழுங்கா ஒண்ணுக்கு போற நாய் மேல்.

கேள்வி: நமக்கு நீர்க்கடுப்பு வந்தா சாப்பிடற மாத்திரை, பாராசிட்டமால் இதை அளவு குறைச்சு பூனைக்கு குடுக்கலாமா?

பதில்: கூடாது. பாராசிட்டமாலை உடைக்கற சக்தி பூனை ஈரலுக்கு இல்ல, ஒரே மாத்திரை உயிரை எடுத்துடும். நம்ம நீர்க்கடுப்பு மாத்திரைலயும் பூனை ரத்தத்தைக் கெடுக்கற மருந்து உண்டு. யூரினை காரமாக்கற சிரப்பும் வேணாம், இருக்கறது ஸ்ட்ருவைட்னா நீங்களே கல்லுக்கு உரம் போட்ட மாதிரி ஆயிடும்.

கேள்வி: ஏழு வயசு பெண் லேப்ரடார், கருத்தடை ஆச்சு. தூங்கி எழுந்தா படுத்த இடம் நனைஞ்சிருக்கு. முழிச்சிருக்கும்போது நல்லா கண்ட்ரோலா இருக்கு. இன்ஃபெக்ஷனா?

பதில்: முக்கல, வலி இல்ல, ரத்தம் இல்ல, தூக்கத்துல தன்னையறியாம கசியுது, அப்ப இது பெரும்பாலும் ப்ளாடர் வாய்த் தசை தளர்ந்து போனதுதான். கருத்தடைக்கு அப்புறம் ஈஸ்ட்ரோஜன் குறையறதால பெரிய ஜாதிப் பெண் நாய்களுக்கு இது சகஜம். யூரின் டெஸ்ட் ஒண்ணு பண்ணி தொற்று இல்லைன்னு பாத்துட்டு தசையை இறுக்கற மாத்திரை ஆரம்பிப்பாங்க, நிறைய நாய்க்கு நல்லா கேக்கும். பிபி இருக்கான்னு மட்டும் முன்னாடியே பாத்துடணும். வெயிட்டைக் குறைங்க. தண்ணி வைக்கறதை மட்டும் குறைச்சிடாதீங்க, நிறைய பேர் பண்ற வேலை அது.

கேள்வி: பதினோரு வயசு பீகிள். ஆண்டிபயாட்டிக் குடுத்தா ரத்தம் நிக்குது, விட்டா வருது. நாலு மாசமா இதே கதை.

பதில்: நாலு மாசம் காத்திருந்தது போதும், இந்த வாரமே வயிறு ஸ்கேன் எடுங்க. வயசான நாய்க்கு, அதுலயும் ஸ்காட்டிஷ் டெரியர், ஷெட்லாண்ட் ஷீப்டாக், பீகிள் மாதிரி ஜாதிக்கு ப்ளாடர் கட்டி வர்ற வாய்ப்பு உண்டு. கட்டி மேல கிருமியும் சேர்ந்துக்கும், அதனாலதான் ஆண்டிபயாட்டிக்ல பாதி நல்லாகற மாதிரி தெரியும். இந்தக் கட்டியைக் கண்டுபிடிக்க யூரின்லயே பிராஃப்னு (BRAF) ஒரு மரபணு மாற்றத்தைத் தேடற டெஸ்ட் இருக்கு. கட்டின்னு சந்தேகம் இருக்கறப்ப வயித்து வழியா ஊசி குத்தி யூரின் எடுக்க வேணாம்னு சொல்வாங்க, ஊசி வழியில செல்கள் பரவிடலாம்னு. ஆண் நாயா இருந்து கருத்தடை பண்ணலைன்னா ப்ராஸ்டேட்டையும் பாக்கச் சொல்லுங்க, ரத்தத்துக்கு அதுவும் காரணமா இருக்கலாம், அது ஓரளவு சுலபமா சரியாகற பிரச்னை.

கேள்வி: யூரின் சாம்பிள் கொண்டு வரச் சொல்றாங்க. பூனைகிட்ட எப்படி டாக்டர் எடுக்கறது?

பதில்: லிட்டரைக் கொட்டிட்டு ட்ரேவை நல்லா கழுவி காய வச்சு, மீன் தொட்டில போடற சின்னக் கல்லை அலசிப் போடுங்க, ஈரத்தை உறிஞ்சாத தனி லிட்டரும் கிடைக்குது. பூனை போனதும் சிரிஞ்சுல உறிஞ்சி சுத்தமான டப்பால ஊத்துங்க. நாய்னா காலைல முதல் தடவை போகும்போது நடுவுல வர்றதைப் பிடிங்க. கல்ச்சருக்கு இந்த சாம்பிள் ஆகாது, அதுக்கு டாக்டரே ஸ்கேன் பாத்துகிட்டே வயித்து வழியா ஊசியில எடுப்பார், பாக்க பயமா இருக்கும், பெரும்பாலான பூனை கண்டுக்கவே கண்டுக்காது. வீட்டுல எடுத்ததை ஒரு மணி நேரத்துக்குள்ள லேபுக்கு சேத்துடுங்க. முடியலன்னா ஃப்ரிட்ஜ்ல வைங்க, ஆனா ஃப்ரிட்ஜ்ல வச்சேன்னு மறக்காம சொல்லிடுங்க, யூரின் குளிர்ந்தா இல்லாத கிரிஸ்டல் எல்லாம் புதுசா உருவாகும், அதை வச்சு தேவையே இல்லாம டயட்டை மாத்திட்டு உக்காந்திருப்பீங்க.